நாளுக்கு ஒரு சாண்

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி வேட்டு முடிந்து, தூசி அடங்கி, நான் நீள சைரன் கொடுத்து, ஆட்கள் கடப்பாரையும் கூடையுமாகக் குழிக்குள் இறங்கின பிறகுதான் கிழக்குச் சுவரில் அது தெரிந்தது. முதலில் வேர் என்றார்கள், அப்புறம் யாரோ பழைய பைப்பு என்றார்கள், டிப்பர் ஓட்டுகிற தனவேலு மட்டும் வண்டியை விட்டு இறங்கி வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "எலும்புடா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிப் போட்டான். கழுத்து மட்டும் ஒரு இளந்தென்னை நீளம் இருந்தது, நெஞ்சுக்கூடு இன்னும் கீற்று வேயாத பந்தல் மாதிரி வளைந்து வளைந்து நின்றது, வால் எங்கே முடிகிறது என்று பார்க்க நாங்கள் இன்னும் தோண்டியிருக்கவில்லை. தலை மேலே பார்த்து இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்கு வந்து பார்த்தால் அது ரெண்டு சாண் மேலே போயிருந்தது. சனிக்கிழமை அதன் தாடைக்கு நேரே ஒரு சிப்பி வரிசை இருந்ததை நானே பார்த்திருந்தேன், இப்போது அந்த வரிசை கழுத்தின் முதல் எலும்புக்குக் கீழே கிடந்தது, அது கடந்து வந்த கல்லில் ஒரு கீறல் கிடையாது.

"அண்ணே, ஏறுது" என்றான் தனவேலு.

"ஏறட்டும். நீ வண்டிய எடு, பின்னாடி நாலு வண்டி நிக்குது" என்றேன்.

அவ்வளவுதான், அந்த அதிசயத்தைப் பற்றி நாங்கள் பேசியது. அரியலூருக்குக் கிழக்கே எங்கள் சுண்ணாங்குழி ஊரில் கல்லைப் பார்த்து வாய் பிளக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. மேலே கரிசல், அதற்குக் கீழே மஞ்சள் களி, அதற்கும் கீழே வெள்ளைக் கல், அடியோ அடியில் நீலம் ஓடிய கெட்டிக் கல், இப்படி அடுக்கடுக்காக ஒரு காலத்துக் கடல் காய்ந்து கிடக்கிறது, அதைத்தான் தலைமுறையாக வெட்டி லாரியில் ஏற்றி சிமெண்டுக்கு அனுப்புகிறோம். எங்கள் பிள்ளைகள் ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல்நத்தையை வைத்துத்தான் பாண்டி ஆடும். சில கல்லை உடைத்தால் சிப்பி இருக்காது, சிப்பி படுத்திருந்த பள்ளம் மட்டும் வரிக்கு வரி அப்படியே இருக்கும், உயிர் போய் ஓடும் போய் முகம் மட்டும் தங்கிவிட்ட மாதிரி.

என் பெயர் தெய்வசிகாமணி. இருபத்தாறு வருஷமாக அந்தச் சுரங்கத்தில் சைரன் அடிக்கிற வேலை. வெடி வைக்கிறதுக்கு முன்னால் ரெண்டு குட்டை சைரன், எல்லாரும் வெளியே ஓடணும். வெடி எல்லாம் வெடித்து முடிந்தபின் ஒரு நீள சைரன், இனிமேல் இறங்கலாம். இந்த ரெண்டுக்கும் நடுவில் கல்லில் துளைத்த எத்தனை குழியில் வெடிமருந்து வைத்தார்களோ அத்தனை வேட்டு கேட்டதா என்று மேடையில் நின்று எண்ண வேண்டியது என் காது. அதற்குத்தான் சம்பளம்.

ஊருக்குள் சங்கடம் வேறு விதமாக ஆரம்பித்தது. செல்லியம்மன் கோயில் பூசாரி பிச்சைப்பிள்ளை குழி ஓரத்தில் வந்து நின்று, நெற்றிக்குக் கையைக் கொடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எலும்பா இருந்தாலும் பொணம் பொணந்தான். ஊர் எல்லைக்குள்ள எடுக்காத பொணம் கெடக்கயில நடை தெறக்க முடியாது" என்று சொல்லிப் போய்க் கோயிலைச் சாத்திச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். எங்கள் பக்கத்துக் கட்டு அப்படி. தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் உலை வைக்கக் கூடாது, கல்யாணம் காட்சி கூடாது, சாமி தீபாராதனை பார்க்கக் கூடாது. ஒரு நாள் கட்டு என்றால் தாங்கலாம், இது நாளுக்கு ஒரு சாண் ஏறுகிற பிணம், அது மேலே வந்து நாம் எடுத்துப் புதைக்க எத்தனை மாசமோ, அதுவரைக்கும் ஊர் பட்டினி கிடக்கவா என்று பெண்கள் கூட்டமாகப் போய்ச் சண்டை பிடித்ததில், அடுப்பு மூட்டலாம், சோறு ஆக்கலாம், ஆனால் சாவு வீட்டு வழக்கப்படி தாளிக்கக் கூடாது என்று பூசாரி இறங்கி வந்தார். அன்றையிலிருந்து எங்கள் ஊர் முழுக்கத் தாளிக்காத குழம்பு. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்காத தெரு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள், செவிடாகிப் போன மாதிரி இருந்தது.

அப்புறம் சாவுச் சாங்கியத்தைப் பற்றிப் பேச்சு. இது யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான், கோடித்துணி எந்த வீட்டிலிருந்து வரவேண்டும், கொள்ளிக்குடம் யார் தூக்குவது என்று பஞ்சாயத்து போர்டு வாசலில் மூன்று நாள் பேசினார்கள். உறவு இல்லாத பிணத்துக்கு ஊரே உறவு என்று முடிவானது. நெசவுத் தெருக்காரர்கள், அதன் முதுகை மூட எத்தனை முழம் வேண்டும் என்று நூலைப் பிடித்து அளந்துவிட்டுப் போய்த் தறியில் கோடித்துணி போட்டார்கள். கிழக்குச் சுவர்ப் பக்கம் வெடி வைப்பதைக் கம்பெனியும் நிறுத்தி, வேட்டை மேற்குப் பக்கம் மாற்றியது.

அந்தப் பேச்சு நடந்த மூன்றாம் நாள்தான் கொளஞ்சி வந்தாள். குழியில் கல்லோடு வருகிற மண்கட்டியைப் பொறுக்கி எறிகிற வேலை அவளுக்கு. கூடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வந்து நின்று பூசாரியைப் பார்த்துக் கேட்டாள்.

"மாமா, யாரு பெத்ததோ எந்தக் காலத்துதோ, இதுக்குக் கோயில சாத்துனீங்க. ஊரே தாளிக்காம திங்குது. ஒம்போது வருசமா அந்தப் பழைய குழியில எங்க வூட்டுக்காரரு கெடக்காரே, அவருக்கு ஒரு நாளு, ஒரே ஒரு பொழுது, நடைய சாத்துனீங்களா?"

பிச்சைப்பிள்ளை மட்டும், "அவன் அங்க இருக்கான்னு யாரு கண்டது தாயி?" என்று மெதுவாகச் சொன்னார்.

"நான் சொல்றேன்ல."

"நீ பாக்கலியே."

நான் கூட்டத்தின் கடைசியில் நின்று பீடியைப் பற்றவைத்தேன். நெருப்புக்குச்சி ரெண்டு தரம் அணைந்தது.

கொளஞ்சியின் புருஷன் உத்திராபதி எங்கள் சுரங்கத்தில் டிரில்லர், வெடி வைக்கக் கல்லில் துளை போடுகிறவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இப்போதைய குழிக்குக் கிழக்கே ஒட்டியே இருந்த பழைய குழியில், ஒரு நாள் மத்தியான வேட்டில் பக்கச் சுவர் சரிந்து விழுந்தது. அன்றோடு உத்திராபதியைக் காணோம். அவர் அன்று வேலைக்கே வரவில்லை, லீவு என்று அப்போதிருந்த மேனேஜர் எழுதினார். காலையில் அவர் வந்ததைப் பார்த்தவர்களும் கம்பெனிக்குப் பயந்து மறுக்கவில்லை. குழி ஆபத்து என்று சொல்லி ரெண்டே நாளில் மண்ணைக் கொட்டி மூடினார்கள். அதன்மேல் இப்போது சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. ஏழு வருஷம் போனபின் சர்க்கார் அவளுக்கு இன்னார் இறந்ததாகக் கருதலாம் என்று ஒரு தாள் கொடுத்தது, அவள் அதை வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுத் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். "பாத்து அழுவ ஒரு மொகம் வேணும், தாளப் பாத்து எப்படி அழுவறது?" என்று கேட்டாள். ஊரில் நல்லது நடந்தால் குங்குமத் தட்டு அவளுக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கும், நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே அடுத்த பெண்ணிடம் போய்விடும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் சர்க்கார் சார்பில் ரெஜினா மேடம் வந்தார்கள். கல் ஆராய்ச்சி. ஒல்லியான பெண், கழுத்தில் பூதக்கண்ணாடி, காலில் ஆண்பிள்ளை பூட்ஸ். ஒரு வாரம் டேப்பைப் பிடித்து அளந்து, அது ஏறுகிறது என்று உறுதியானதும், நிரப்ப வேண்டிய சர்க்கார் பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஓரமாக, 'நாளொன்றுக்கு ஒரு சாண்' என்று பேனாவால் எழுதி வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் உட்காரும் நிழலில் வந்து உட்கார்ந்து, தாளிக்காத குழம்பை முகம் சுளிக்காமல் தின்றார்கள்.

"ஏழு கோடி வருஷம் இருக்கும். இது நெலத்துல வாழ்ந்தது, எல தழ தின்னது. ஏதோ ஆத்து வெள்ளத்துல அடிச்சிட்டு வந்து கடல்ல முங்கியிருக்கு. மேல மேல சேறு மூடிடுச்சு" என்றார்கள் மேடம்.

"அதோட ஆளுங்க தேடலியாம்மா?" என்று கொளஞ்சி கேட்டாள்.

மேடம் கையில் பிசைந்த சோற்றோடு அவளைப் பார்த்தார்கள். "அது தெரியலக்கா."

"தேடியிருக்கும்" என்றாள் கொளஞ்சி.

அந்தப் பிராணிக்கு ஒரு குணம் இருந்தது, வழியில் கிடப்பதை விட்டுவிட்டுப் போகத் தெரியவில்லை அதற்கு. நீலக் கல்லைக் கடந்தபோது சுருண்ட நத்தைகளை நெஞ்சுக்கூட்டுக்குள் அள்ளிக்கொண்டது, வெள்ளைக் கல்லில் சுறாப் பல் ரெண்டு படி, அதற்கு மேலே கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு, எல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே சேர்ந்து அதோடு கூடவே மேலே மேலே வந்தன. நாங்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கொளஞ்சி மட்டும் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு மேலே, அது இன்னும் போகாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சைரன் மேடைக்கு ஏறி வந்தாள். "அண்ணே, அது ஏறுற கோட்ட அப்படியே நேரா இழுத்துப் பாரு. பழைய குழிக்குத்தான் போவுது."

"ம்."

"கெடக்குறத எல்லாம் அள்ளிக்குது, பாத்தியா?"

தலையை மட்டும் ஆட்டினேன். ஒன்பது வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

கார்த்திகை நடுவில், தலை பழைய குழியின் அடி மண்ணைத் தொட இன்னும் மூன்றே சாண் இருக்கும்போது, எலும்பைக் கல்லோடு பாளமாக அறுத்துத் தலைநகரத்து மியூசியத்துக்கு ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. கிழக்குச் சுவர் சும்மா கிடக்கிறதே என்று தவித்துக்கொண்டிருந்த புது மேனேஜருக்குச் சந்தோஷம். அறுக்கிற மிஷின் வந்தது, நீளமான லாரி வந்தது. ஊருக்கும் ஒரு வகையில் நிம்மதிதான், பிணம் எல்லை தாண்டினால் கோயில் திறக்கும், தை பிறந்தால் நடத்த மூன்று வீட்டில் கல்யாணம் காத்து நிற்கிறது. கொளஞ்சி மட்டும் மிஷினுக்கு முன்னால் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"மூணு நாளு பொறுங்க சாமி. ஒம்போது வருசம் பொறுத்தவ கேக்குறேன், மூணு நாளு. அது அவரத் தொட்டுட்டா அப்புறம் வுடாது."

மேனேஜர் நல்ல மனுஷன்தான், சத்தம் போடவில்லை. கையில் பழைய ரெஜிஸ்டரோடு வந்திருந்தார். "அம்மா, ரெக்கார்டப் பாருங்க. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் லீவு. உள்ள ஆள் இருக்குன்னு ஒரு சாட்சி, ஒரே ஒரு சாட்சி இருந்தாக்கூட நானே நிறுத்திடுவேன்."

கொளஞ்சி சுற்றி நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பார்வை என்னிடம் வந்து நிற்கவில்லை, என்னைத் தாண்டிப் போனது, அதுதான் என்னைக் கொன்றது.

நான் முன்னால் போய்ச் சொன்னேன். அன்று பன்னிரண்டு குழியில் மருந்து வைத்தார்கள், நான் பன்னிரண்டு வேட்டு எண்ணினேன், ஆனால் அந்த வாரம்தான் மேற்குச் சுவரைப் பூசின சுவர் மாதிரி மழமழ என்று புதிதாக வெட்டியிருந்தார்கள், அது சத்தத்தைத் திருப்பி அடித்தது, பதினோராவது வேட்டின் எதிரொலியைப் பன்னிரண்டாவது வேட்டு என்று என் காது எண்ணிவிட்டது, நான் நீள சைரன் கொடுத்தேன், உத்திராபதி எப்போதும்போல என் சைரனை நம்பி எல்லாருக்கும் முன்னால் டிரில் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார், இறங்கும்போது மேலே திரும்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், அப்புறம் பன்னிரண்டாவது வெடித்துச் சுவர் அவர்மேல் சரிந்தது, மற்றவர்கள் எல்லாம் இன்னும் ஒதுங்கு கொட்டகையில் இருந்தார்கள், மேடையிலிருந்து நான் ஒருத்தன்தான் பார்த்தேன், லீவு என்று எழுதினபோது என் வேலை போய்விடும் ஜெயிலுக்குப் போவேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன், இன்றைக்கு வரைக்கும் மூடிக்கொண்டேதான் இருந்தேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொளஞ்சி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"ஒம்போது வருசமா தெனம் ரெண்டு மணிக்கு நீ ஊதுற, நான் எறங்குறேன். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஊதுனியா அண்ணே?"

அதுதான் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்ட கடைசித் தடவை.

ரெஜினா மேடம் மிஷின்காரனைப் பார்த்து, "ஆஃப் பண்ணுங்க. மனுஷ உடம்பு இருக்குன்னு ஒருத்தர் சொன்னப்புறம் நான் வெட்ட மாட்டேன்" என்றார்கள். விஷயம் கேட்டு வந்த போலீஸ், பொக்லைனை இறக்கி மேலேயிருந்து தோண்டலாம் என்றது. கொளஞ்சி கூடாது என்றாள். "இரும்புப் பல்லு அவரு மேல படக் கூடாது. அது தூக்கியாரும்." யாரும் அவள் பேச்சைத் தட்டவில்லை. தட்ட எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அது வந்தது. மூன்று நாளில் தலை கல்லை விட்டுப் பழைய குழியின் மண்ணுக்குள் நுழைந்து கண்ணிலிருந்து மறைந்தது. மார்கழி நடுவில், மார்கழிக் கோலமும் இல்லாத அந்த ஊரில், கருவேலம் புதருக்கு நடுவே தரையிலிருந்து அதன் தலை எழுந்தது, பிறகு நாளுக்கு ஒரு சாண் கழுத்து, காக்கைகள் உட்கார்ந்தன, பெண்கள் அதைச் சுற்றிப் பெருக்கிச் சாணி தெளித்தார்கள், தை வந்தது, பொங்கல் பானை ஏறவில்லை, குறித்த முகூர்த்தங்கள் போயின, கல்யாணப் பெண்களே ஒன்றும் சொல்லாமல் மண்ணைக் கையால் விலக்கி விலக்கி அதற்கு வழி விட்டார்கள். யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் சம்சாரம் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

தை இருபத்தேழாம் தேதி காலையில் நெஞ்சுக்கூடு மேலே வந்தது. நத்தைகள், சுறாப் பல், கல்மரம், இவற்றுக்கு நடுவே, பிள்ளையை இடுப்பில் இடுக்கினதுபோல விலா எலும்புகள் அணைத்துப் பிடித்தபடி, உத்திராபதி இருந்தார். எலும்புதான், வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு பூத்திருந்தது, தோளில் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு கல். ரெஜினா மேடம் தூரிகையால் அதன் மண்ணைத் தள்ளியபோது, சிப்பி போனபின் சிப்பியின் பள்ளம் இருக்குமே, அதுபோல அந்தக் கல்லில் ஒரு முகத்தின் பள்ளம் இருந்தது. நெற்றி, உள்வாங்கின மூக்கு, மீசை மயிர் ஒவ்வொன்றின் கோடு, இடது புருவத்தில் சின்ன வயசில் மாடு முட்டின தழும்பு. ஒன்பது வருஷத்தில் கல்லில் அப்படி அச்சு விழாது என்று மேடம் சொல்லவில்லை. எழுந்து தள்ளி நின்றுகொண்டார்கள்.

கொளஞ்சி குனிந்து, கண்ணை மூடி, தன் முகத்தை அந்தப் பள்ளத்துக்குள் வைத்தாள். மூக்கு மூக்கில் பொருந்தியது. அப்படியே இருந்து அழுதாள், கல்லுக்குள் போன அந்த அழுகை எங்கள் காலுக்கு அடியில் கேட்டது, எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஒன்பது வருஷமாக அவளுக்காக அழ வேண்டிய அழுகையை எல்லாம் ஊர் அன்று ஒரே பகலில் அழுதது.

பூசாரி பிச்சைப்பிள்ளை இடுப்பிலிருந்து கோயில் சாவியை எடுத்துக் கொளஞ்சியின் காலடியில் வைத்தார். "தப்பு பண்ணிட்டோம் தாயி. இவன் கெடக்கயிலதான் ஒம்போது வருசம் தீபாராதன காட்டியிருக்கேன். நான் சாத்துனது தப்பான பொணத்துக்கு. இது பொணமே இல்ல, தூக்கியாந்தது" என்று சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிராணிக்கு நெய்த கோடித்துணியைத்தான் உத்திராபதிக்குச் சுற்றினார்கள், சுற்றிச் சுற்றி அது தீரவே இல்லை. பிள்ளை இல்லாததால் கொளஞ்சியே குடம் தூக்கினாள். முகக் கல்லையும் கூடவே வைத்துப் புதைத்தோம். நான் தூரத்தில் வேலிக்கு வெளியே நின்றேன், பிடி மண் போட அவள் என்னைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

பதினாறாம் நாள் தாலி இறங்கியது, கருமாதி முடிந்தது, நடை திறந்தது, அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது. பிராணி நிற்கவில்லை. நாளுக்கு ஒரு சாண் என்று தரையை விட்டும் ஏறிக்கொண்டே போனது, பங்குனியில் அதன் நெஞ்சுக்கூட்டுக்கு நடுவே வானம் தெரிந்தது, சித்திரையில் வால் நுனி மண்ணை விட்டது, அதன் நிழலில் மூன்று கல்யாணத்துக்கும் பந்தல் போட்டார்கள். மேடம் பாரத்தில், 'கைக்கு எட்டவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு லாரியைக் காலியாக அனுப்பினார்கள். ஆடிக்காற்றில் ஒரு நாள் அண்ணாந்து பார்த்தபோது அது மேகத்துக்கு மேலே போயிருந்தது.

என்மேல் கேஸ் நடக்கிறது, வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறேன், என்ன தீர்ப்பானாலும் சரி. அதுவரைக்கும் சைரனுக்கு வேறு ஆளைப் போடலாம் என்று மேனேஜர் சொன்னபோது, அவரே ஊதட்டும் என்று சொன்னவள் கொளஞ்சி. ஏன் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மண்கட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள். என்னோடு பேசவில்லை, என் பக்கம் திரும்பவில்லை. குழியைப் பார்த்து நின்று, ஒவ்வொரு வேட்டுக்கும் ஒரு விரலாக மடக்கி, எதிரொலி வந்தபோது விரலை அசைக்காமல் வைத்து, கடைசி வேட்டும் கேட்டபின் இன்னும் கொஞ்சம் பொறுத்து, தலையை ஒரு முறை ஆட்டினாள்.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். அவள் தலையாட்டுகிற வரைக்கும் நான் நீள சைரனைத் தொடுவதில்லை.